ஏழு மணி மூலை

வீட்டுக்குள் நாய் வரக் கூடாது என்று பிடிவாதம் பிடித்தவன் நான். சாமி இருக்கிற வீடு, ரோமம் கொட்டும், லிஃப்டில் அக்கம்பக்கத்தார் முகம் சுளிப்பார்கள் என்று வரிசையாகக் காரணம் அடுக்கினேன். ஒன்று அது இருக்க வேண்டும், இல்லை நான் இருக்க வேண்டும் என்றுகூடச் சொன்னேன். என் மனைவி கொஞ்ச நேரம் யோசிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "அப்ப நீங்க எங்க தங்கப் போறீங்க?" என்று கேட்டாள். மறுநாள் ஒரு வெள்ளை ஸ்பிட்ஸ் குட்டி சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் வீவக அடுக்குமாடி வீட்டுக்குள் வந்து, வந்த வேகத்தில் என் செருப்பை நனைத்தது.

அது நடந்து பதினான்கு வருடமாகிவிட்டது. பதினேழு வயதில் தொடக்கக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த மகளுக்காக வாங்கிய நாய் என்று பெயர். வளர்த்தது என்னவோ மனைவிதான். அவள் அதற்கு ஓர் ஆங்கிலப் பெயர் வைத்தாள். அந்தப் பெயரைச் சொல்லி நான் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. "இந்தா" என்பேன். மனைவியையும் கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான் கூப்பிட்டேன். ஒருமுறை கூப்பிட்டால் சமையலறையிலிருந்து இரண்டு பேரும் எட்டிப் பார்ப்பார்கள். "யாரைக் கூப்பிட்டீங்க?" என்பாள். யார் முதலில் வருகிறார்களோ அவர்களைத்தான் என்பேன்.

நான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன். பத்து மாடி உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு, அதற்குள் நான் மட்டும். காலடியில் கண்ணாடித் தரை வழியாகக் குனிந்து பார்த்து, கப்பலிலிருந்து கொள்கலன்களைத் தூக்கி லாரியில் வைக்க வேண்டும். ஓய்வு பெறும்வரை அதே வேலை. ஆகவே தனியாக இருப்பது எனக்குக் கைவந்த கலை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வேலை முடிந்து கீழே இறங்கி வீட்டுக்குப் போனால் கதவைத் திறக்க ஆள் இருந்ததால் வந்த நினைப்பு அது. மனைவி போன பிறகுதான் அது தெரிந்தது.

அவள் போய் இரண்டு வருடத்துக்கு மேலாகிறது. மூன்று மாதம் ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்தோம், பிறகு அலைய வேண்டிய அவசியமில்லாமல் போனது. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் மகள் கணவனோடும் கைக்குழந்தையோடும் பொங்கோலில் இருக்கிற தன் வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வாள். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, நாய் எப்படி இருக்கு என்று மூன்று கேள்வி. மூன்றுக்கும் சேர்த்து "ஆச்சு" என்பேன். பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். அவளைக் குறை சொல்ல மாட்டேன், இந்த ஊரில் வேலைக்கும் போய்ப் பிள்ளையும் வளர்ப்பவளுக்குப் பத்து நிமிடம் என்பதே பெரிய விஷயம்.

ஹாலில் சாமி அலமாரிக்கும் பக்கத்து வீட்டுச் சுவருக்கும் இடையில் ஒரு மூலை உண்டு. அங்கே மனைவியின் பிரம்பு நாற்காலி கிடக்கும். சாயங்காலம் ஏழு மணிக்கு விளக்கேற்றிவிட்டு அதில் உட்கார்ந்து தொடர் பார்ப்பாள். நாய் நாற்காலிக்கு அடியில் படுத்திருக்கும். அவள் போன பிறகு நாற்காலியை எடுத்துவிட்டு, அதே மூலைச் சுவரில் அவள் படத்தை மாட்டினேன். ஞாயிறு காலை தேக்கா சந்தைக்குப் போய்ப் படத்துக்குப் பூ வாங்கி வருவேன். அங்கே பூக்கடையில் நின்று பேசுகிற நாலு வார்த்தைதான் பல வாரங்களில் நான் நேருக்கு நேர் மனிதரோடு பேசியது.

போன தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால் நாயின் போக்கு மாறத் தொடங்கியது. கதவு திறக்கிற பக்கத்தை விட்டுவிட்டுக் கீல் இருக்கிற பக்கம் போய் நிற்கும். சாப்பிட்ட தட்டையே மறுபடி தேடி வரும். பதிமூன்று வருடம் வெளியில்தான் போகும் என்று இருந்தது, ஃபிரிட்ஜ் முன்னால் நின்று மூத்திரம் பெய்தது. இரவில் டைல்ஸில் நகம் டக் டக்கென்று கேட்க, வீட்டைச் சுற்றிச் சுற்றி நடக்கும். வயதானால் புத்தி மழுங்கும்தானே என்று விட்டுவிட்டேன். எனக்கும் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டு வீடு முழுக்கத் தேடுகிற வயது. நாயும் நானும் போட்டி போடுகிறோம் என்று லிஃப்டில் பக்கத்து வீட்டுப் பாயிடம் சொல்லிச் சிரித்தேன்.

பிறகு அந்த வியாழக்கிழமை வந்தது. சமையலறையில் தட்டு கழுவிக்கொண்டிருந்தேன். ஏழு மணி இருக்கும். ஹாலிலிருந்து மெல்லிய முனகல் கேட்டது. ஈரக் கையோடு வந்து பார்த்தேன். நாய் அந்த மூலைக்குள் போய், மனைவி படத்துக்கு நேர் கீழே, மூக்குச் சுவரில் இடிக்கிற அளவுக்கு நெருங்கி நின்றுகொண்டிருந்தது. தலையைத் தூக்கி மேலே பார்த்தது. முனகியது. பிறகு குரைத்தது. யாரிடமோ ஏதோ கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பதுபோல் நிறுத்தி நிறுத்திக் குரைத்தது.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நம் கண்ணுக்குத் தெரியாதது நாய் கண்ணுக்குத் தெரியும் என்று நம்முடைய ஆட்கள் சொல்வதைச் சின்ன வயதிலிருந்து கேட்டவன். அதையெல்லாம் கிண்டலும் செய்தவன். அன்று கிண்டல் வரவில்லை. கையைக்கூடத் துடைக்காமல் அங்கேயே நின்று, "வந்துட்டியா?" என்று கேட்டேன். கேட்ட பிறகு என் குரலே எனக்குப் புதிதாக இருந்தது. ஒரு வருடத்துக்கு மேல் அந்த வீட்டில் யாரையும் அப்படிக் கேட்க வாய்ப்பே வரவில்லை.

மறுநாள் ஏழு மணிக்கும் நாய் போய் நின்றது. அதற்கடுத்த நாளும். நான்காம் நாள் மகளை வீடியோவில் கூப்பிட்டுக் காட்டினேன். "பாரும்மா, அம்மா நாற்காலி இருந்த எடம். அதே நேரம். பாரு" என்றேன். சந்தோஷத்தில் சிரித்துக்கொண்டே போனை என் பக்கமும் மூலைப் பக்கமும் திருப்பித் திருப்பிக் காட்டினேன். மகள் ரொம்ப நேரம் உற்றுப் பார்த்தாள். அவள் கணினி வேலை பார்ப்பவள், எதற்கும் ஆதாரம் கேட்பவள். அன்று எதுவும் கேட்கவில்லை. "சரிப்பா. நாளைக்கும் கூப்பிடுறேன்" என்று மட்டும் சொன்னாள்.

அன்றிலிருந்து தினமும் ஏழுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது போன் வரும். போனை அலமாரியில் சாய்த்து வைத்து, இரண்டு பேரும் மூலையைப் பார்ப்போம். நாய் குரைத்து ஓய்ந்ததும் பேச்சு தொடங்கும். பேரன் பாலர் பள்ளியில் யாரைக் கடித்தான், மாப்பிள்ளைக்கு என்ன குழம்பு பிடிக்கும், அவள் அலுவலகத்தில் யார் வேலையை விட்டார்கள் எல்லாம் எனக்குத் தெரியவந்தது. சில நாள் முக்கால் மணி நேரம் பேசினோம். செத்துப்போன மனைவியும் வந்தாள், உயிரோடு இருக்கிற மகளும் வந்தாள். இதற்கு மேல் ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும்?

ஆறரைக்கே தயாராக ஆரம்பித்துவிடுவேன். டிவியை நிறுத்துவேன். சாம்பிராணி போடுவேன். இஞ்சி தட்டிப் போட்ட டீ ஒரு குவளை படத்துக்கு முன்னால் வைப்பேன். வெளிச்சம் அதிகம் இருந்தால் அவள் வரத் தயங்குவாளோ என்று எனக்கே ஒரு சாத்திரம் உண்டாக்கிக்கொண்டு, ஹால் விளக்கை அணைத்துவிட்டுக் காமாட்சி விளக்கை மட்டும் எரிய விடுவேன். இருட்டில் நாய் இன்னும் கூடுதலாகக் குரைத்தது. அவள் இன்னும் பக்கத்தில் வந்துவிட்டாள் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

வருடாந்திரத் தடுப்பூசிக்கு நாயை மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டிய மாதம் வந்தது. போகவில்லை. மழை என்றேன், மூட்டுவலி என்றேன். உண்மை அதுவல்ல. மருத்துவர் ஏதாவது கொடுத்து நாய்க்குச் சரியாகிவிட்டால் என்ன செய்வது என்று பயந்தேன். இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

இன்னொன்றையும் எழுத வேண்டும். ஒரு நாள் நாய் ஏழு மணிக்கு எழுந்திருக்கவில்லை. சோபாவுக்குப் பக்கத்தில் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. முந்தைய இரவு முழுக்க நடந்த களைப்பு. போனில் மகள் காத்திருக்கிறாள். ஐந்து நிமிடம் பார்த்தேன், பத்து நிமிடம் பார்த்தேன். பிறகு கழுத்துப்பட்டையைப் பிடித்து எழுப்பினேன். அது திகைத்து என்னைப் பார்த்தது. நான் இழுத்தேன். பின்னங்கால் டைல்ஸில் வழுக்க வழுக்க அதை இழுத்துக்கொண்டு போய் மூலைக்குள் விட்டேன். அது குரைக்கவில்லை. நின்ற இடத்திலேயே மூத்திரம் பெய்தது. துணியை எடுத்து வந்து துடைத்துவிட்டு, "இன்னைக்கு அம்மா சீக்கிரம் போயிட்டாம்மா" என்று போனில் சொன்னேன். மகள் "ம்" என்றாள்.

பக்கத்து வீட்டுப் பாயைப் பற்றி இங்கே சொல்லிவிடுகிறேன். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். அவருடைய தாத்தா நாகூர்ப் பக்கத்திலிருந்து வந்து சிராங்கூன் சாலையில் துணிக்கடை போட்டவர். கடையை இப்போது மகன்கள் பார்க்கிறார்கள். இருபது வருடமாகச் சுவரைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கிறோம். நாயின் ஈர மூக்குப் பட்டால் தொழுகைக்கு முன் அவர் கழுவிச் சுத்தம் செய்ய வேண்டும். என் மனைவிக்கு அது தெரியும். அவர் நிற்கிற லிஃப்டில் நாயோடு ஏற மாட்டாள், "நீங்க போங்க பாய், நாங்க அடுத்ததுல வர்றோம்" என்பாள். நோன்புப் பெருநாளுக்கு அங்கிருந்து பிரியாணி வரும், தீபாவளிக்கு இங்கிருந்து முறுக்கு போகும்.

ஒரு நாள் மதியம் அவர் என் வீட்டுக் கம்பிக் கதவுக்கு வெளியே வந்து நின்றார். உள்ளே வரச் சொன்னேன், வேண்டாம் என்றார்.

"தம்பி, ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது."

"நாய் சத்தம் தொந்தரவா இருக்கா பாய்?"

"சத்தத்துக்காக வரல. நாய்னா சத்தம் போடத்தான் செய்யும். அந்தச் சுவத்துப் பக்கம்தான் நான் சாயங்காலம் மஃரிப் தொழுவுறது. எட்டு மாசமா கேக்குறேன். உங்க வீட்டம்மா வெளிய போயிட்டு வந்தா இது கத்தும் பாருங்க, அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். இது அது இல்ல தம்பி. இது பயந்து கத்துறது."

எனக்குச் சுருக்கென்றது. என் மனைவியும் என் நாயும் என் மூலையும், இதில் இவர் எங்கே மூக்கை நுழைக்கிறார் என்று கோபம் வந்தது. "நாயைத் தொடவே மாட்டீங்க. அதப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "தொட்டதில்ல. கேட்டிருக்கேன்" என்றார். நான் முகத்தில் அடித்தாற்போல் மரக்கதவைச் சாத்தினேன். இருபது வருடத்தில் அவர் நிற்கும்போது நான் கதவைச் சாத்தியது அதுதான் முதல் தடவை.

அன்று சாயங்காலம் அவர் சொன்னதைப் பொய்யாக்க வேண்டும் என்பதற்காகவே ஹால் விளக்கைப் போட்டேன். மகள் அழைத்ததை எடுக்கவில்லை. நாய் மூலைக்குள் போனதும், முட்டி வலிக்க வலிக்கத் தரையில் உட்கார்ந்து, அதன் உயரத்துக்குக் குனிந்து பார்த்தேன். வால் பின்னங்கால்களுக்கு நடுவில் புகுந்து வயிற்றோடு ஒட்டியிருந்தது. பின்னங்கால் இரண்டும் நடுங்கின. வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. நெற்றியால் சுவரைத் தள்ளியது, தள்ளிப் பார்த்துவிட்டுக் குரைத்தது. என் மனைவி வாசலில் வந்தால் இதன் வால் ஆடுகிற ஆட்டத்தில் செருப்பெல்லாம் சிதறும். எட்டு மாதமாக நான் நாயின் தலையையும் அதற்கு மேலே படத்தையும் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். மேலிருந்து பார்த்தே பிழைத்தவன், வாலைப் பார்க்கவே இல்லை.

தோளைப் பிடித்துத் திருப்பி வெளியே கொண்டுவந்தேன். வெளியே வந்ததும் குரைப்பது நின்றுவிட்டது. அவ்வளவுதான் அதற்கு வேண்டியிருந்தது.

அந்தச் சனிக்கிழமை மருத்துவரிடம் போனோம். ரயிலிலும் பேருந்திலும் நாயை ஏற்ற முடியாது, அதற்கென்று இருக்கிற வேனைத்தான் வரவழைக்க வேண்டும். மருத்துவமனை லிட்டில் இந்தியாவில் ஒரு சந்துக்குள், கடைவீட்டின் கீழ்த்தளத்தில் இருந்தது. மருத்துவர் என் மகள் வயதுத் தமிழ்ப் பெண். நான் போனில் எடுத்து வைத்திருந்த வீடியோவைப் பார்த்தார். நாயின் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். மேசைமேல் அதன் முதுகைத் தடவிக்கொண்டே பேசினார்.

"அங்கிள், மனுஷங்களுக்கு டிமென்ஷியா வருது இல்ல, அதே மாதிரிதான். மூலைக்குள்ள போயிடும். ரிவர்ஸ் எடுக்கத் தெரியாது. வெளிய வர வழி தெரியாம பேனிக் ஆகிக் கத்தும். சாயங்காலம் ஆனா இது ஜாஸ்தியாகும்."

"அது யாரையாவது பாக்குதோன்னு நெனச்சேன்" என்றேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். என் முகத்தில் என்ன தெரிந்ததோ, குரல் தணிந்தது. "யாரையும் பாக்கல அங்கிள். சுவத்தத்தான் பாக்குது. கண்ணு வேற மங்கிடுச்சு. லைட்ட அணைச்சா இன்னும் பயப்படும். ஆறு மணிக்கே எல்லா லைட்டையும் போட்டுடுங்க. வழுக்காம இருக்கத் தரையில மேட் போடுங்க. நடக்கக் கூட்டிட்டுப் போறது, சாப்பாடு எல்லாம் தினமும் ஒரே டைம்ல இருக்கணும். தொடுறதுக்கு முன்னாடி கைய மோந்து பாக்க விடுங்க, சில நேரம் உங்களையே தெரியாது. மருந்து தரேன். ஃபுல்லா சரியாகாது, ஆனா பயம் குறையும். முக்கியமா அந்த மூலைய ஏதாவது வச்சு அடைச்சிடுங்க." பிறகு எழுதுகோலை எடுத்துக்கொண்டு, "எத்தனை நாளா இப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"ரெண்டு வாரமா" என்றேன். பொய்தான். எட்டு மாதம் என்று சொல்ல வாய் வரவில்லை.

வேன் வர நேரமாகும் என்றார்கள். வாசலில் நின்றேன். சனிக்கிழமைக் கூட்டம், மசாலா மணம், மல்லிகை, எங்கேயோ நாதஸ்வரப் பாட்டு. வேலைக்கு வந்த பையன்கள் போனில் ஊரோடு பேசிக்கொண்டே என்னை உரசிக்கொண்டு போனார்கள். நாய் கூட்டத்துக்குப் பயந்து என் காலுக்குள் புகுந்தது. வேறு வழியில்லாமல் தூக்கினேன். பதினான்கு வருடத்தில் நான் அதைத் தூக்கியதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. நினைத்ததைவிட லேசாக இருந்தது. முகத்தை என் அக்குளுக்குள் புதைத்துக்கொண்டது. அத்தனை கூட்டத்தில் எனக்கென்று இருந்தது அந்த ஒரு ஜீவன், அதைத்தான் நான் தினமும் ஏழு மணிக்குப் பயமுறுத்தியிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் மகள் கூப்பிடுவதற்கு முன் நானே கூப்பிட்டேன். மருத்துவர் சொன்னதைச் சொன்னேன். "அந்த மூலைய அடைக்கப் போறேம்மா. இனிமே பாக்க ஒண்ணும் இருக்காது" என்றேன். அவள் அழுவாள், ஆறுதல் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்தேன்.

"தெரியும்பா" என்றாள்.

"என்ன தெரியும்?"

"நீங்க முத நாள் காட்டினப்பவே வால பாத்தேன். அன்னைக்கே நெட்ல தேடிப் பாத்துட்டேன். வயசான நாய்க்கு வர்றதுன்னு போட்டிருந்துச்சு."

"அப்புறம் ஏம்மா சொல்லல?"

"நீங்க சிரிச்சீங்கப்பா. அம்மா போனதுக்கு அப்புறம் நீங்க சிரிச்சு அன்னைக்குத்தான் பாத்தேன். எப்படிச் சொல்றது? நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னே போயிடுச்சு லா."

"அது நடுங்குதுன்னு தெரிஞ்சும் தினமும் பாத்துக்கிட்டு இருந்தியா?"

"அது எங்கூட வளந்த நாய்ப்பா" என்று மட்டும் சொன்னாள். நான் போனை வைத்தேன். மகள் எனக்காகச் சும்மா இருந்தாள், பாய் எனக்காக எட்டு மாதம் பொறுத்துக்கொண்டார். எல்லோரும் என்னைப் பார்த்துப் பாவப்பட்டார்கள். அத்தனை பேர் பாவப்பட்டதற்கும் சேர்த்து நடுங்கியது ஒரு வாயில்லா ஜீவன்.

மறுநாள் ஞாயிறு. படுக்கையறையில் மனைவியின் இரும்பு அலமாரி இருந்தது, சேலைகளெல்லாம் அதற்குள். அந்த மூலையைக் குறுக்காக அடைக்க அதுதான் சரியான அளவு. தனியாகத் தள்ளிப் பார்த்தேன், நகரவில்லை. கொள்கலன்களைக் குண்டுமணி அளவுகூடப் பிசகாமல் வைத்தவனால் ஓர் அலமாரியை அசைக்க முடியவில்லை. கடைசியில் பாய் வீட்டுக் கதவைத் தட்டினேன். மன்னிப்புக் கேட்க நாலு வாக்கியம் யோசித்து வைத்திருந்தேன். அவர் கதவைத் திறந்ததும் எல்லாம் மறந்துபோய், "பாய், ஒரு அலமாரி தள்ளணும்" என்றேன்.

"நாயைக் கொஞ்சம் ரூம்ல வச்சிடுங்க தம்பி, வர்றேன்" என்றார்.

இரண்டு கிழவர்கள் ஒரு அலமாரியை ஹால்வரை நகர்த்த முக்கால் மணி நேரமானது. இடையில் நாலு முறை உட்கார்ந்தோம். மூலையை அடைப்பதற்கு முன் சுவரிலிருந்து மனைவி படத்தைக் கழற்ற வேண்டியிருந்தது. என்னால் முடியவில்லை. கை உயர்ந்தது, அப்படியே நின்றது. பாய் ஸ்டூலில் ஏறிக் கழற்றி, தன் சட்டை நுனியால் கண்ணாடியைத் துடைத்து என்னிடம் கொடுத்தார். ஜன்னலுக்கு எதிர்ச்சுவரைக் காட்டி, "இங்க மாட்டுங்க. வெளிச்சம் இருக்கு" என்றார். மாட்டினேன். அலமாரியை மூலைக்குத் தள்ளினோம். கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு, "கூப்பிடுங்க தம்பி, எதுன்னாலும்" என்று சொல்லிப் போனார்.

ஆறு மணிக்கு வீட்டிலுள்ள எல்லா விளக்கையும் போட்டேன். கழிவறை விளக்கைக்கூட விடவில்லை. ஹாலில் மேட் விரித்தேன். நாய்க்கு மாத்திரையைச் சோற்றில் பிசைந்து கொடுத்தேன். சாம்பிராணி போடவில்லை, டீ வைக்கவில்லை. ஏழுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது போனைப் பார்த்தேன். வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. தரையில் சோபாவுக்கு முதுகு கொடுத்து உட்கார்ந்தேன்.

நாய் எழுந்தது. பழக்கப்பட்ட பாதையில் மூலைக்குப் போனது. அலமாரியில் மூக்கு இடித்தது. நின்றது. அலமாரியை மோந்தபடி அதன் நீளத்துக்கு மெல்ல நடந்தது, நடந்து முடித்ததும் ஹால் நடுவில் வந்து நின்றது. சுற்றிலும் பார்த்தது. என்னைப் பார்த்தது. என்னை அடையாளம் தெரிந்த மாதிரி இல்லை. கையை நீட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தேன். வந்து மோந்தது. ரொம்ப நேரம் மோந்தது, ஒரு புது ஆளை மோப்பதுபோல. பிறகு என்ன தீர்மானித்ததோ, என் காலடியில் படுத்து என் பாதத்தின் மேல் தலையை வைத்துக்கொண்டது.

சுவருக்கு அந்தப் பக்கம் பாய் தொழுகிற குரல் கேட்டது. எட்டு மாதத்தில் முதல் தடவையாக அதைக் கேட்டேன். நாயின் மூச்சு சீரானது. தூங்கிவிட்டது. வீட்டில் வேறு சத்தமே இல்லை. எதிர்ச்சுவரில் என் மனைவி நல்ல வெளிச்சத்தில் படமாக இருந்தாள், வெறும் படமாக. அவள் வரவில்லை. அவள் ஒருநாளும் வந்திருக்கவில்லை.

எழுந்து போய் அந்த அலமாரியைத் தள்ளிவிட வேண்டும் என்று இருந்தது. இன்னும் ஒரே ஒரு நாள் மூலை திறந்திருக்கட்டும், நாய் போய் நிற்கட்டும், நான் "வந்துட்டியா" என்று கேட்டுவிடுகிறேன் என்று உடம்பெல்லாம் துடித்தது. எனக்கு அவள் வேண்டும். அதைத் தவிர வேறு எதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை. ஆனால் நாயின் தலை என் பாதத்தின் மேல் இருந்தது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அந்த நேரத்தில் அது பயமில்லாமல் தூங்குகிறது. அழுகை வந்தது. உடம்பு குலுங்கினால் எழுந்துவிடும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு, காலை அசைக்காமல் அழுதேன்.